கொரில்லாவா, கெரில்லாவா? "கரந்தடி"ன்னா என்ன?

என் மக உயர்நிலை 2 படிக்கிறா. போன வாரம் மலாயா எமர்ஜென்சி, அதாவது காட்டுல இருந்த கம்யூனிஸ்ட்டுங்களுக்கும் பிரிட்டிஷ்காரங்களுக்கும் நடந்த சண்டை, அந்தப் பாடத்தை எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தவ, "கொரில்லாப் போர்"னு சொன்னதும் நின்னுட்டா. "ஏன்ப்பா, குரங்கு பேரை ஏன் வச்சாங்க?"

குரங்குக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது ஸ்பானிஷ் சொல், அங்க "கெர்ரா"ன்னா போர், அதோட சின்னதுங்கிற விகுதி சேர்ந்து "சின்னப் போர்"னு ஆகுது. 1808ல நெப்போலியன் படை ஸ்பெயினுக்குள்ள வந்தப்ப ஊர்க்காரங்க சின்னச் சின்னக் கூட்டமா மறைஞ்சிருந்து அடிச்சாங்க, அந்தச் சண்டையிலதான் இந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவிச்சு. ஈழத்தமிழர் நிறைய பேர் "கெரில்லா"ன்னு எழுதுவாங்க, அதுதான் மூல உச்சரிப்புக்குக் கிட்ட இருக்கு, குரங்கோட குழப்பமும் வராது.

தமிழ்ல இதுக்கு அருமையான சொல் இருக்கு, கரந்தடி. கரத்தல்னா மறைக்கிறது, மறையுறது. "காக்கை கரவா கரைந்துண்ணும்"னு திருக்குறள்ல வருதே, அதே "கர"தான். கரந்து அடிக்கிறது கரந்தடி, அடிக்கிற படை கரந்தடிப் படை. மாடு மீட்கப் போற கரந்தைத் திணை வேற, அது பூ பேரு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

எனக்கு இந்தச் சொல் பிடிக்கிறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. போராளின்னு சொன்னா ஒரு பக்கம் சாயுது, பயங்கரவாதின்னு சொன்னா மறுபக்கம் சாயுது. மலாயாக் காட்டுல இருந்தவங்க தங்களை விடுதலைப் படைன்னு சொல்லிக்கிட்டாங்க, பிரிட்டிஷ்காரங்க முதல்ல கொள்ளைக்காரங்கன்னாங்க, 1952லேருந்து கம்யூனிஸ்ட் பயங்கரவாதிங்கன்னு மாத்துனாங்க. கரந்தடின்னா எப்படி அடிச்சாங்கன்னு மட்டும்தான் சொல்லுது.

ஆனா "சின்னப் போர்"ங்கிற அர்த்தம்தான் எனக்கு உறுத்துது. மலாயாச் சண்டை 1948லேருந்து 1960 வரைக்கும் 12 வருஷம் நடந்துச்சு. என் பாட்டி அப்ப ஜொகூர்ல குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவங்க. ராத்திரி காட்டுலேருந்து வந்து லயத்துக் கதவை, அதாவது தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுக் கதவை, தட்டி அரிசி கேப்பாங்களாம், குடுக்கலன்னா பயம், குடுத்துட்டா விடிஞ்சதும் பட்டாளத்துக்காரன் வந்து யாருக்குடா குடுத்தேன்னு கேப்பான். மறைஞ்சு அடிக்கிறவனுக்குச் சோறு ஊர்லேருந்துதான் போகணும், அதனால சோத்தை நிறுத்துனா அவனை நிறுத்தலாம்னு 1950ல பிரிக்ஸ் திட்டம் கொண்டாந்தாங்க, காட்டோரம் இருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாத்துனாங்க. எஸ்டேட் லயங்களையும் ஒண்ணாச் சேர்த்து வேலி போட்டாங்க. அரிசி அளந்துதான் கிடைக்கும், சில இடங்கள்ல ஒளிச்சு வைக்க முடியாதபடி சோறாவே ஆக்கிக் குடுத்தாங்க, கடையில டின் வாங்குனா கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் தரணும்.

விடியக்காலையில வேலைக்குப் போறப்ப கேட்ல நிறுத்தி, பால் வாளிக்குள்ள கைய விட்டுப் பாத்து, கொண்டையைக்கூட அவுக்கச் சொல்வாங்கன்னு பாட்டி சொல்வாங்க. சோத்துப் பொட்டலம் எடுத்துட்டுப் போகக் கூடாது, மத்தியானம் திரும்புற வரைக்கும் வெறும் வயிறுதான். அதுவும் பரவாயில்லன்னு தோணும், மலாயாவுல பத்தாங் காலிங்கிற ஊர்ல நடந்ததைப் படிச்சா. 1948 டிசம்பர்ல அங்க பிரிட்டிஷ் படை ஆயுதமே இல்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்னுச்சு. மறைஞ்சிருக்கிறவன் யாருன்னு தெரியாதப்ப, மறையாம வீட்டுல இருக்கிறவன்தான் கையில கிடைக்கிறான்.

நம்ம ஐசிகூட அந்தக் காலத்துல வந்ததுதான், 1948ல எமர்ஜென்சி சட்டத்துக்குக் கீழ சிங்கப்பூர்ல முதல் அடையாள அட்டை குடுத்தாங்க.

பாட்டி கடைசி வரைக்கும் கெரில்லான்னு சொல்லல, கம்யூனிஸ்ட்டுன்னும் சொல்லல. "காட்டுக்காரங்க"ன்னுதான் சொன்னாங்க, அதுவும் குரலைத் தாழ்த்தி, சிங்கப்பூர் ஈசூன் வீட்டுல பத்தாவது மாடியில உக்காந்துக்கிட்டு.