திருத்தம் போடும் முன் நியூமன் எழுதியதைப் படியுங்கள்

கோவையில் பம்புகளுக்கு சீல் தயாரிக்கும் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். (ரகசியம் காக்க வேண்டும் என்பதால் பொருளைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.) அவருடைய அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பத்துக்கு, அதைப் பரிசீலிக்கும் எக்ஸாமினரிடமிருந்து ஆட்சேபக் கடிதம் வந்திருந்தது. "எக்ஸாமினர் என்ன கேக்கறாரோ அப்படியே மாத்திக் குடுத்துடுங்க சார், கிராண்ட் ஆனா போதும்." காப்புரிமை முகவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வசனம் இது. அவருக்கு அமெரிக்க நீதிபதி பாலின் நியூமன் கதையைச் சொன்னேன்.

நியூமன் 1927இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1952இல் யேலில் வேதியியல் முனைவர் பட்டம். பிறகு எஃப்எம்சி நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் முப்பது ஆண்டுகள். அந்த வேலையில் இருந்துகொண்டே சட்டமும் படித்தார். அமெரிக்காவின் காப்புரிமை மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்கு 1984இல் ரீகன் அவரை நியமித்தார். க்ளெய்ம் (காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் வாசகம்) எழுதித் தேய்ந்த கை அது. பெரும்பான்மையோடு உடன்படாமல் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகளில் அது தெரியும்.

எனக்குப் பிடித்தது ஃபெஸ்டோ என்ற நிறுவனத்தின் வழக்கு. காந்தத்தால் நகரும் சிலிண்டர். காப்புரிமை கேட்கும்போது செய்த திருத்தங்களால், ஃபெஸ்டோவின் க்ளெய்மில் 'ஒரு ஜோடி சீல் வளையம்', 'காந்தமாகக்கூடிய உறை' என்ற சொற்கள் ஏறிவிட்டன. போட்டி நிறுவனம் ஒரே வளையத்தையும், காந்தமாகாத உலோகக்கலவை உறையையும் வைத்துச் செய்தது. 'வேலை ஒன்றுதானே, சமானம்தானே' என்று ஃபெஸ்டோ கேட்டது; சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும் சமானமானதைச் செய்தால் மீறல்தான் என்பது வாதம். காப்புரிமை பெறுவதற்காகத் திருத்திய அம்சத்துக்குச் சமானம் கேட்கவே முடியாது என்று 2000இல் ஃபெடரல் சர்க்யூட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். நியூமன் அதை ஏற்கவில்லை. 2002இல் உச்ச நீதிமன்றம் 9-0 என்று அந்த முழுத்தடையை நிராகரித்தது. ஆனாலும், திருத்தியவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே முதலில் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. அதை நிரூபிக்க முடியாமல் ஃபெஸ்டோ 2007இல் தோற்றது. அப்போதும் நியூமன் மாறுபட்டார்!

நம் ஊரில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்றத்தில் 65. அங்கே கூட்டரசு நீதிபதிக்கு வயது வரம்பே கிடையாது. பலர் 'மூத்த நிலை' என்ற ஏற்பாட்டில் பளுவைக் குறைத்துக்கொள்வார்கள். நியூமன் அதை எடுக்கவில்லை. 2023இல் அவருடைய உடல், மனத் திறன் குறித்து சக நீதிபதிகளே விசாரணை தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன மருத்துவப் பரிசோதனைக்கு அவர் உட்படவில்லை. ஒத்துழைக்கவில்லை என்று ஓராண்டுக்குப் புது வழக்குகளை நிறுத்தினார்கள். தடை 2024இலும் 2025இலும் நீண்டது. தான் தகுதியுடன் இருப்பதாகச் சொல்லி, தன் வசமிருந்த மருத்துவ அறிக்கைகளோடு அவர் வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் பலிக்கவில்லை. சக நீதிபதிகளே விசாரிப்பது எனக்கு நெருடுகிறது. வேறொரு சர்க்யூட்டுக்கு, அதாவது வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, அனுப்பியிருக்கலாம்.

கோவைக்காரர் இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒற்றை வளையத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நான் நைட்ரைல் ரப்பர்னு எழுதிட்டா, பக்கத்துப் பட்டறைக்காரன் சிலிக்கான்ல போட்டுட்டுப் போயிடுவானா?"

"போகலாம். அப்புறம் நிரூபிக்கிற பாடு உங்களுடையது."

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது: அந்த சீலை எதிலெல்லாம் செய்யலாம் என்று பதினொரு பொருள்கள், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால். அதை வைத்துக்கொண்டுதான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதக் கெடுவில் இன்னும் 19 நாள் இருக்கிறது.