நிர்மலா: மாசற்றவளா, மாசிலாளா?

அம்மனின் ஆயிரம் பெயர்களான லலிதா சகஸ்ரநாமம் சொல்லிப் பழகியவர்களுக்கு ‘நிர்லேபா நிர்மலா நித்யா நிராகாரா நிராகுலா’ என்ற வரி நாக்கில் தானாக உருளும். அதில் நிர்மலா என்றால் என்ன என்று கேட்டால், ‘சுத்தமானவள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அது போதாது.

நிர் என்றால் இல்லாத. மலம் என்றால் அழுக்கு. மலம் என்றதும் தமிழ்க் காதுக்குக் கழிவறைதான் ஞாபகம் வரும். வடமொழியில் அது எல்லா அழுக்குக்கும் பொதுச்சொல். (திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் ஒழிந்த ஊர்களுக்காக மத்திய அரசு 2003-இல் தொடங்கிய விருதின் பெயர் ‘நிர்மல் கிராம புரஸ்கார்’. அங்கே நம் காது கேட்கிற பொருளே கச்சிதமாகப் பொருந்திவிட்டது!)

சைவ சித்தாந்தத்தில் மலம் என்பது உயிரைப் பிணித்திருக்கும் கட்டு: ஆணவம், கன்மம், மாயை. ஆணவத்துக்கு அவர்கள் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். நாலு நாள் விட்டால் மறுபடி மங்கிவிடும். அந்தக் களிம்பு எங்கிருந்தோ வந்து ஒட்டியதல்ல, செம்போடு கூடவே இருப்பது என்பதுதான் உவமையின் உயிர். உயிருக்கு ஆணவம் அப்படி. இறைக்கு அது என்றைக்குமே கிடையாது. குறளின் ‘எண்குணத்தான்’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் அடுக்கும் எட்டில் ஒன்று ‘இயல்பாகவே பாசங்களின் நீங்குதல்’ (பாசம் என்றால் இங்கே அன்பு அல்ல, அந்தக் கட்டுதான்). ‘இயல்பாகவே’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

தமிழுக்கு வந்தபோது நிர்மலம் நின்மலம் ஆனது. திருப்பாணாழ்வார் ‘அமலன் ஆதிபிரான்’ என்று தொடங்கி, விமலன், நிமலன், நின்மலன் என நாலு வடிவத்தையும் ஒரே பாசுரத்தில் வைத்துவிட்டார். அம்மனுக்கு அமலை, விமலை, நின்மலி. பூரி ஜகந்நாதர் கோயிலுக்குள் இருக்கும் தேவி விமலா. ஜகந்நாதருக்குப் படைத்த உணவு அவளுக்கும் படைத்த பிறகுதான் மகாபிரசாதம் ஆகும். அப்புறம், அமலையில் ஒரு வழுக்கல் உண்டு. பழந்தமிழில் அமலை என்றால் ஆரவாரம், சோற்றுத் திரள். அது வேறு சொல். ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்பதில் இருக்கும் அமல் அரபியிலிருந்து வந்தது.

இந்தச் சுத்தத்தைத் தீட்டோடு குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அசாமில் காமாக்யா கோயிலில் ஜூன் மாதம் அம்புபாசி நடக்கும். தேவிக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்தி, பிறகு திறந்து, சிவப்புத் துணியைப் பிரசாதமாகத் தருவார்கள். கேரளத்தில் செங்கன்னூர் பகவதிக்கும் திருப்பூத்து உண்டு. உதிரம் மலம் என்றால் இந்த விழாக்களுக்கு இடமேது? நிர்மலா என்ற சொல்லில் உள்ள அழுக்கு உடம்பைப் பற்றியதே அல்ல.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பரிசுத்தமானவள்’ என்றால் விவிலிய வாசனை வந்துவிடுகிறது, அதுவும் தமிழில்லை. ‘தூயவள்’ அழகான சொல், ஆனால் எது இல்லை என்பதை அது சொல்லவில்லை. அதைச் சொல்வது மாசு என்ற சொல். ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன், ஆகுல நீர பிற’ என்பது குறள். நிராகுலாவில் உள்ள ஆகுலம் இங்கேயும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள், பொருள்தான் கொஞ்சம் வேறு: சகஸ்ரநாமத்தில் கலக்கம், குறளில் ஆரவாரம்.

‘மாசற்றவள்’ என்று பலர் எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் அறுதல் என்றால் இருந்தது அறுந்துபோவது; என் காதுக்கு அது புளி போட்டுத் தேய்த்த செம்பு. கட்டு நீங்கிய அடியாருக்குப் பொருந்தும். ஒருபோதும் களிம்பு ஏறாதவளுக்கு ‘மாசிலாள்’தான் சரி. திருவாவடுதுறை இறைவன் பெயர் மாசிலாமணி என்பதால் கோயில் வழக்குக்கும் இது புதிதல்ல. அர்ச்சனையில் ‘ஓம் நிர்மலாயை நம:’ என்று வரும் இடத்தில் ‘மாசிலாய் போற்றி’ என்று சொல்லிப் பாருங்கள்.