செடேஷன் என்றால் மயக்கம் அல்ல

பெரியம்மாவுக்குப் போன மாதம் ஒரு கண்ணில் தொங்கிப்போன இமையைத் தூக்கிக் கட்டும் அறுவை சிகிச்சை நடந்தது. ஒப்புதல் படிவத்தில் 'மயக்க மருந்து கொடுக்கப்படும்' என்று அச்சிட்டிருந்தார்கள். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நடுவில் மருத்துவர் "அம்மா, கண்ணைத் திறந்து மேலே பாருங்க" என்றதும் பதறிவிட்டாராம். மயக்கம் பாதியிலேயே தெளிந்துவிட்டது, இனி வலிக்கப்போகிறது என்று பயம். உண்மையில் அவருக்கு மயக்கமே கொடுக்கவில்லை, கொடுத்தது செடேஷன், அதாவது நினைவு தப்பாமல் படபடப்பை மட்டும் அடக்கும் மருந்து. வலி தெரியாமலிருக்க இமையில் தனியாக மரப்பு ஊசி போட்டிருந்தார்கள். இமை சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க, நோயாளியே கண்ணைத் திறந்து காட்ட வேண்டும்.

செடேஷனுக்கு மூலம் 'செடாரே' என்ற லத்தீன் வினை. அடங்கச் செய்தல், அமைதிப்படுத்தல் என்று பொருள். நாம் மயக்கம் என்று சொல்லும் அனஸ்தீசியா கிரேக்கம், உணர்வின்மை என்று பொருள். 1846இல் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் பரிந்துரைத்த பெயர் அது. இரண்டும் வேறு வேறு.

'மயக்கம் பழகிய சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்பார்கள். பழகிய சொல் என்பதுதான் சிக்கலே. இலக்கணத்தில் மயக்கம் என்றால் கலப்பு. ஆனால் மருத்துவமனை வாசலில் நிற்பவருக்கு மயக்கம் என்றால் நினைவு தப்புவது, அவ்வளவுதான். 'அரை மயக்கம்' என்று எழுதினால் பயம் இன்னும் கூடும். 'தூக்க மருந்து' என்றால் இரவில் போடும் மாத்திரை நினைவுக்கு வரும். வேரைப் பார்த்தால் 'அமர்த்தல்' அழகாகப் பொருந்தும், ஆனால் இன்று ஆளைத்தான் வேலைக்கு அமர்த்துகிறோம்.

ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைக்கு, அதாவது பிளாஸ்டிக் சர்ஜரிக்கு, எந்த மருந்து ஏற்றது என்று ஒப்பிட்டு எழுதுகிறவர்களும் இதே தவற்றைச் செய்கிறார்கள். மிடசோலம் பதற்றத்தைக் குறைக்கும், நடந்ததை மறக்கவைக்கும், வலியைப் போக்காது. பால்போல் வெள்ளையான புரோபோஃபால் ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும். அளவு சற்றுக் கூடினால் மூச்சை அடக்கி முழு மயக்கத்தில் கொண்டுபோய் விடும். டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தவர் உறங்குவதுபோல் இருப்பார், கூப்பிட்டால் விழிப்பார். மூச்சு அவ்வளவாக அடங்காது, நாடித்துடிப்புதான் குறையும். ஆக, நோயாளி மயக்கத்துக்கு எவ்வளவு அருகில் போகிறார் என்பதே இந்த ஒப்பீட்டின் உயிர். மூன்றையும் 'மயக்க மருந்து' என்று எழுதிவிட்டால், அப்புறம் ஒப்பிட என்ன மிச்சம்?

செடேஷனுக்கு நான் முன்வைப்பது 'தணிவூட்டல்'. தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணி என்கிறோம். ஆள் விழித்திருக்கிறார், படபடப்பு மட்டும் இறங்குகிறது என்பது இந்தச் சொல்லிலேயே தெரிகிறது. வெறும் 'தணிப்பு' வேண்டாம்; தீராத நோயின் வலியைக் குறைக்கும் சிகிச்சைக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. தணிவூட்டல் பிடிக்கவில்லையா, சரி, செடேஷன் என்றே எழுதுங்கள். தவறான தமிழைவிட விளங்கும் கடன்சொல் மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜரியை 'நெகிழி அறுவை' என்று எழுதியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக், வடிவமைத்தல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குடத்துக்கும் பைக்கும் அதில் வேலையில்லை. படிவத்தைப் படிப்பவர் சற்று நேரத்தில் கத்திக்குக் கீழே படுக்கப்போகிறவர் என்பதை யாரும் நினைப்பதில்லை.

அடுத்த மாதம் பெரியம்மாவுக்கு இன்னொரு கண். இந்த முறை படிவம் வருவதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்: "பெரியம்மா, நீங்க மயங்க மாட்டீங்க. படபடப்பு தணிய ஒரு ஊசி, இமை மரத்துப்போக ஒரு ஊசி. டாக்டர் கூப்பிடுவார், கண்ணைத் திறங்க."