நர்சிங் டயக்னோசிஸ்: தவறு பெரும்பாலும் காரணத்தில்தான்

கேர் பிளானில் (நோயாளியைக் கவனிக்கும் திட்டத்தில்) முதல் வரியாக "நிமோனியா" என்று எழுதியிருந்தால், அடுத்த ஷிஃப்டுக்கு வரும் செவிலியருக்கு அதிலிருந்து ஒரு வேலையும் புலப்படாது. நிமோனியா மருத்துவரின் நோய்க்கணிப்பு. அந்த நோயால் நோயாளி எதில் திணறுகிறார் என்பதே செவிலியராக நாம் எழுத வேண்டிய நர்சிங் டயக்னோசிஸ்.

அதில் பிரச்சினை, காரணம், சான்று என்று மூன்று பகுதிகள். "கெட்டியான சளியாலும் வலுவற்ற இருமலாலும் சுவாசப் பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இயலாமை, சான்று: நெஞ்சில் கரகர ஒலி, மூச்சு நிமிடத்துக்கு 30, ஆக்ஸிஜன் 90 சதவீதம்."

இதில் நிதானிக்க வேண்டிய இடம் காரணம். கவனிப்பு முழுவதையும் தீர்மானிப்பது அதுதான். சளி கெட்டியாக இருந்தால், திரவத்துக்குக் கட்டுப்பாடு இல்லாத நோயாளிக்கு நீர் கூட்டிக் கொடுப்போம். வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்கு அஞ்சி இருமாமல் இருக்கிறார் என்றால், முதலில் வலி மருந்து. அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு, தையல்மீது தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் செய்வோம். பிரச்சினை ஒன்றே, வேலை வேறு.

"படுக்கைப்புண் காரணமாகத் தோல் பாதிப்பு" என்பது சொன்னதையே திரும்பச் சொல்வது. "அசைய இயலாததால் இடுப்பின் பின்பகுதியில் நீடித்த அழுத்தம்" என்றால்தான் அழுத்தத்தைக் குறைக்கும் வழி தெரியும். "திருப்பிப் படுக்க வைக்காததால்" என்று எழுதுவது அதைவிட மோசம். கேஸ் ஷீட் சட்ட ஆவணம். சக ஊழியர்மீது பழி சுமத்தும் இடம் அல்ல. "சக்ஷன் (சளியைக் குழாயால் உறிஞ்சி எடுத்தல்) தேவை" என்பதும் டயக்னோசிஸ் ஆகாது, அது நாம் செய்யும் வேலை.

வரக்கூடிய ஆபத்தை எழுதும்போது ஆபத்துக் காரணிகள் மட்டும் போதும்; சான்று இருக்காது. அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தோலில் தெரிந்தால், அது முதல் நிலைப் படுக்கைப்புண். அப்போதும் "தோல் பாதிப்பு ஏற்படும் ஆபத்து" என்றே விட்டுவைத்தால் புண் ஆழமாகும்.

பல டயக்னோசிஸ் இருந்தால், முன்னுரிமை வரிசையில் சுவாசப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் முன்னே வரும். ஆபத்து வகை எல்லாம் கடைசியில்தான் என்று பலர் பழகிவிட்டார்கள். ஆனால் அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில மணி நேரத்தில் இரத்தக்கசிவு ஆபத்து, மிதமான வலிக்கு முன்னால் வர வேண்டும்.

எழுதியதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் நோயாளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலி பத்துக்கு 7-இலிருந்து 2-க்கு இறங்கியும் சளி வரவில்லை என்றால், வலி இனி காரணம் அல்ல. மறுபடி மதிப்பிட்டு அந்தப் பகுதியை மாற்றி எழுதுங்கள்.