நரை திரை இல்லாத துகள்

உள்ளங்கையை வானம் பார்க்க விரியுங்கள். மியூவான் என்னும் நுண்துகள்கள் நொடிக்கு ஒன்றிரண்டு அதைத் துளைத்துக்கொண்டு போகும். வலிக்காது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காற்றோடு மோதுவதன் விளைவு இவை. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இரவுபகலாக இவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறது.

மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி என்பார்கள். எனக்கு அந்த 'ஆயுள்' என்ற சொல்மீதுதான் சந்தேகம்.

ஆயுள் என்றால் நரை, திரை, மூப்பு எல்லாம் கூடவே வரவேண்டும். மியூவானுக்கு அதெல்லாம் கிடையாது. தாயக்கட்டையில் பத்து முறை தாயம் விழவில்லை என்பதால் பதினோராவது முறை விழும் வாய்ப்பு கூடிவிடாது (ஆட்டத்தில் உட்கார்ந்தால் மனசு அதை நம்பாது, அது வேறு). மியூவான் சிதைவதும், அதாவது வேறு துகள்களாக மாறிப்போவதும், அப்படித்தான். ஆயிரம் இருந்தால் 1.5 மைக்ரோ நொடியில் ஏறக்குறைய பாதி சிதைந்துவிடும். மிச்சமுள்ள ஐந்நூறும் அப்போதுதான் பிறந்தவை போலப் புத்தம்புதிதாக இருக்கும், அடுத்த 1.5 மைக்ரோ நொடியில் அவற்றில் பாதி போகும். அடுத்துச் சிதையப்போவது எது என்று கேட்டால், குவாண்டம் இயக்கவியல் வாய்ப்பை மட்டும்தான் சொல்லும்.

போகட்டும், அந்தச் சராசரியாவது நிலையானதா? 2.2 மைக்ரோ நொடியில் ஒளியே 660 மீட்டர்தான் ஓடும். 15 கிலோமீட்டர் இறங்க 50 மைக்ரோ நொடி வேண்டும். அப்படிப் பார்த்தால் நூறு கோடியில் ஒன்றுகூடத் தரையைத் தொடக்கூடாது.

1960களின் தொடக்கத்தில் இயற்பியலாளர்கள் டேவிட் ஃப்ரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் இருவரும் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் மலைக்கு ஒரு கருவியை ஏற்றினார்கள். துகள் பாய்ந்தால் மினுக்கும் பிளாஸ்டிக் கட்டை அது. மியூவான் உள்ளே வந்து நின்றால் ஒரு மினுக்கல், சிதையும்போது இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் நின்ற பிறகு அது தாங்கிய நேரம். மேலே இரும்பை அடுக்கி, ஒளிவேகத்தில் 99.5 விழுக்காட்டை ஒட்டி வருபவை மட்டும் உள்ளே நிற்கும்படி செய்தார்கள்.

மலைமேல் மணிக்குச் சுமார் 563 கிடைத்தன. அங்கிருந்து கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர், இறங்க 6.4 மைக்ரோ நொடி. கட்டைக்குள் நின்றவற்றில் அவ்வளவு நேரம் தாங்கியவை 27தான். எனவே, கருவியைக் கீழே, கடல்மட்டத்தை ஒட்டிய அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் வைத்தாலும் 27 அளவில்தான் வரவேண்டும். நானூறுக்கு மேல் வந்தன!

மிக வேகமாகப் பறப்பதன் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் சார்பியல். நம் கடிகாரத்தில் 6.4 மைக்ரோ நொடி ஓடியபோது பறக்கும் மியூவானுக்குக் கழிந்தது சுமார் 0.7 மைக்ரோ நொடி. தாயம் உருட்டுவது அதன் கடிகாரப்படி. வழியில் அதற்குக் கிடைத்ததே சில உருட்டல்கள்தான்.

மியூவானோடு கூடவே பயணிப்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். ஆயுள் ஒன்றும் நீளவில்லை, அதே 2.2தான், மலைதான் இருநூறு மீட்டர்ச் சொச்சமாகக் குட்டையாகிவிட்டது. அதைத் தாண்ட 0.7 மைக்ரோ நொடி போதும்.