சன்மானச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன்

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து தொடங்கிவிட்டால் எனக்கு ராத்திரி வேலைதான். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் எரிய, புலவர்கள் (பாவையாட்டும் கலைஞர்களை இப்படித்தான் அழைப்பார்கள்) விடிய விடியக் கம்பராமாயணப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார்கள். எதிரே ஆளே இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. பகவதி கேட்கிறாள் என்பது நம்பிக்கை. ஃப்ரீலான்ஸ் நிருபருக்கு அது போதாது, வீட்டு வாடகை இருக்கிறதே.

கலை, பண்பாடு, பள்ளிக்கூடம் என்று எழுதினால் சன்மானம் சொற்பம். ஒரே கூத்தை வார இதழுக்குக் கட்டுரையாக, ஆண்டு மலருக்குப் படங்களாக, மலையாளத்தில் இன்னொன்றாகக் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். அதற்கு உரிமை நம் கையில் இருக்க வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து புதிதாக எழுத வரும் தம்பி தங்கைகள் எவ்வளவு தருவார்கள் என்று மட்டும்தான் விசாரிக்கிறார்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவரின் கட்டுரை அவருக்கே சொந்தம். எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். ஃபோனில் ‘சரிங்க சார்’ சொன்னதால் ஒன்றும் போய்விடாது.

படம் அப்படியில்லை. ‘போய் எடுத்துட்டு வாங்க, இவ்வளவு தர்றோம்’ என்று காசு பேசி அனுப்பினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், 17ஆம் பிரிவு எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளராக்குகிறது. கேமரா நம்முடையது, தூக்கம் கெட்டதும் நமக்குத்தான். ஆனாலும் சட்டம் அதுதான். நாமாக எடுத்து வைத்திருந்த படமென்றால் நமக்கு. ஆகவே கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்: ‘உங்கள் இதழில் ஒருமுறை வெளியிட மட்டும், பதிப்புரிமை என்னிடமே.’ அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலை அழித்துவிடாதீர்கள்.

அடுத்தது சன்மானச் சீட்டு, அதாவது பணம் தரும்போது நம்மிடம் கையெழுத்து வாங்கும் சீட்டு. பணம் வருகிற சந்தோஷத்தில் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. நண்பர் ஒருவர் தாமாக எடுத்த கூத்துப் படங்கள் ஒரு காலண்டரில் வந்திருந்தன. போய்க் கேட்டால், ‘சகல உரிமைகளும்’ என்ற வரிக்குக் கீழே அவர் போட்ட கையெழுத்தையே காட்டினார்கள். ஆனால் எத்தனை காலத்துக்கு என்று அதில் இல்லை. காலம் குறிக்காவிட்டால் 19ஆம் பிரிவுப்படி 5 ஆண்டுகள்தான் கணக்கு. அந்தக் கெடு முடிந்ததும் அதே படங்களை அவர் வேறு இடத்தில் கொடுக்கலாம்.

இன்னொன்று. இதே சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துகிற கலைஞர்களுக்கும் உரிமை தருகிறது. முழுக்கூத்தையும் படம்பிடித்து யூடியூபில் ஏற்ற நினைத்தால், முதலில் புலவர்களிடம் கேளுங்கள்.