சிஸ்டிடியம்: பையணுவா, குமிழணுவா?

வேலூரை அடுத்த அமிர்திக் காட்டிலும் ஜவ்வாது மலையிலும் மழைக்குப் பின் இலைச்சருகில் முளைக்கும், விரல்நகத்தளவே குடையுள்ள பழுப்புக் காளான்களை நம் ஊரார் தனித்தனியே பெயரிட்டுப் பிரிப்பதில்லை, எல்லாம் நாய்க்குடைதான். வெறுங்கண்ணுக்கு அவை ஒன்றுபோலவே தெரிவதால் அதைக் குறையென்று சொல்வதற்கில்லை. அவற்றைப் பிரித்தறிய நுண்ணோக்கியில் தேட வேண்டியவற்றுள் ஒன்று சிஸ்டிடியம்.

குடையின் அடியிலுள்ள செவுள் மடிப்புகளில், வித்துகளைத் தாங்கும் பசிடியங்களுக்கு இடையே, தான் எந்த வித்தும் தராமல் துருத்தி நிற்கும் மலட்டுச் செல்லே இது. பிரெஞ்சு மருத்துவரும் பூஞ்சையியலாளருமான லெவெய்யே 1837இல் பசிடியம், சிஸ்டிடியம் இரண்டையும் வேறுபடுத்திப் பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘கிஸ்டிஸ்’ என்பது சிறுநீர்ப்பையைக் குறிக்கும். இறுதியிலுள்ள ‘இடியம்’ சிறுமைப் பொருள் தரும் விகுதி. ஸ்கேன் அறிக்கையில் நாம் ‘சிஸ்ட்’ என்று படிக்கும் நீர்க்கட்டியும் இதே வேரில் பிறந்த சொல்தான்.

அப்படியானால் தமிழில் பையணு என்று பெயர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் கிரேக்கத்தில் தோற்பையைக் குறிக்கும் ‘ஆஸ்கஸ்’ என்னும் உறுப்பைக் கொண்டவற்றுக்குப் பைப்பூஞ்சை என்ற பெயர் ஏற்கெனவே வழங்குகிறது. அங்கே வித்து பைக்குள் உருவாகிறது. வித்தே இல்லாத செல்லையும் பை என்றால் மாணவர் குழம்புவர். மலட்டணு என்றாலோ, பசிடியமாக வளரவிருக்கும் இளஞ்செல்லும் அதில் அடங்கிவிடும். ஆகவே குமிழணு என்பதே என் தேர்வு. செவுளின் ஓரத்தில் இருப்பதை விளிம்புக் குமிழணு என்றும், பக்கத்தில் இருப்பதைப் பக்கக் குமிழணு என்றும் சொல்லலாம்; முன்னதன் மூலச்சொல்லான கெய்லோசிஸ்டிடியத்திலுள்ள ‘கெய்லோ’ கிரேக்கத்தில் உதடு.

புதிய சவர பிளேடால் செவுளின் ஓரத்தை மயிரிழை கனத்தில் சீவி, 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளியில் இட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வில்லையை வைத்து மெதுவாக அழுத்தி 400 மடங்கில் நோக்கினால் குமிழணுவின் வடிவம் தெளியும். மைசீனா என்னும் காளான் பேரினத்தின் இனங்கள் பலவற்றில் அதன் தலை தூரிகைபோல் நுண்விரல்களால் சூழப்பட்டிருக்கும். புளூட்டியஸ் செர்வினஸ் என்னும் காளானில் தடித்த சுவருடன் நுனியில் கொக்கிகள் இருக்கும். இனோசைபி என்னும் பேரினத்தில் பல இனங்களுக்கு நுனியில் பளிங்குத் துகள்கள் ஒட்டியிருக்கும். மஸ்கரின் நஞ்சுள்ள இனங்கள் பல அந்தப் பேரினத்தில் இருப்பதால், பழுப்புக் குடைக்காரன் ஒன்றில் அந்தப் பளிங்கு தென்பட்டால் குழம்புச்சட்டியைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.